திறந்திருக்கிறதா என்று கேட்டாய்

விமான நிலையத்தின் நுழைவில் டிக்கெட் எடுக்க இன்று வண்டியை நிறுத்தியபோது, என் கை தானாகவே நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டது. அது போதாதென்று, பட்டப்பகலில் உள்விளக்கையும் போட்டது. ஆகஸ்ட் மாத டெக்சாஸ் அனல் குப்பென்று உள்ளே வந்தது. பின்னால் நின்ற பிக்கப் வண்டிக்காரன் ஹார்ன் அடித்தான். "எல்லாம் உன்னால்தான்" என்று பக்கத்து இருக்கையைப் பார்த்துச் சொன்னேன். அங்கே யாரும் இல்லை. நீ போய் இருபத்து மூன்று நாள் ஆகிறது.

சுமதி சென்னையிலிருந்து வருகிறாள். விமானம் இறங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. இர்விங்கில் எங்கள் வீட்டிலிருந்து இங்கே வரப் பதினைந்து நிமிடம் போதும். இவ்வளவு சீக்கிரம் வந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தால் அவள் சிரிப்பாள். ஆனால் உட்காரவும் முடியவில்லை. இரண்டு முறை இறங்கி நடந்தேன். ரேடியோவைப் போட்டேன், அணைத்தேன். கடைசியில் வண்டியில் கிடந்த ஒரு பழைய நோட்டை எடுத்து உனக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன். எழுத வேண்டியது இருபது வருடத்துக்கு மேலாகப் பாக்கி இருக்கிறது.

நம் இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டோம். ஆனால் என் நினைவில் நீ தமிழில்தான் பேசுகிறாய், அதுவும் எங்கள் பவானிப் பக்கத்துத் தமிழில். எப்போது மாறியதென்று தெரியவில்லை. இப்போது உன்னைத் திருப்பி இங்கிலீஷில் பேச வைக்க என்னால் ஆகாது.

தொண்ணூற்றெட்டில், இர்விங் அபார்ட்மென்டில் நம் இருவருக்கும் எதிரெதிர் பில்டிங். வேலை பிளேனோவில், ஒரே ஆபீஸ், ஒரே தளம். ஒரு வாரம் உன் வண்டி, ஒரு வாரம் என் வண்டி என்று பேசி வைத்தோம். ஏழரைக்குக் கிளம்பினால் போதும். நீ ஆறேமுக்காலுக்கே என் படிக்கட்டுக்குக் கீழே வந்து நிற்பாய், கையில் அந்த ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையோடு. பாஸ்போர்ட், ஊர் அடையாள அட்டை, வேலைக் கடிதம், வாடகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள். மளிகைக் கடைக்குப் போனாலும் அது கூடவே வரும்.

"ஏனுங்க, உங்க ஃப்ரெண்டு கீழ வந்து நிக்கறாரு. நீங்க இன்னும் பல்லே விளக்கல" என்பாள் சுமதி. பிறகு பால்கனியிலிருந்து உன்னைக் கூப்பிடுவாள். நீ மேலே வந்து காபி குடிப்பாய். அப்படிக் குடித்துக்கொண்டிருந்த ஒருநாள்தான் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்து, "இதென்ன, தினமும் ஏதோ நேரம் போட்டிருக்கு?" என்று கேட்டாய்.

சுமதி தன் இங்கிலீஷில் நிதானமாக விளக்கினாள். இது ராகு காலம். தினமும் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் நல்ல காரியம் எதுவும் தொடங்க மாட்டோம், பயணம் கிளம்ப மாட்டோம்.

"யாரு மூடறாங்க?"

"யாரும் மூடறதில்லைங்க. நாங்களேதான்."

நீ காபி சிந்தச் சிந்தச் சிரித்தாய். "எங்க ஊர்லயும் இப்படி முன்னாடியே அச்சடிச்சுக் குடுத்தா எத்தனை சௌகரியமா இருக்கும்!" அன்று நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். மூட நம்பிக்கை, அவளுக்கு அம்மா வீட்டுப் பழக்கம் என்று இங்கிலீஷில் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அந்தக் காலண்டரை ஊரிலிருந்து ஒவ்வொரு வருடமும் கேட்டு வரவழைத்தது நான்தான். அதை நான் சொல்லவில்லை.

டோல்வேயில் நீ ஓட்டும் வாரம் எனக்கு வேடிக்கையாக இருக்கும். சுங்கச் சாவடி தூரத்தில் தெரியும்போதே வேகத்தைக் குறைப்பாய். நான்கு கண்ணாடிகளும் இறங்கும், உள்விளக்கு எரியும், இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல் விரல் விரித்து உட்காரும். சில்லறையை வீசிவிட்டுப் போக அங்கே இருந்தது ஒரு பிளாஸ்டிக் கூடை மட்டும்தான்.

"கூடைக்கு உன் மூஞ்சி வேண்டாம்ப்பா, காசு போட்டாப் போதும்" என்பேன்.

"கைக்குத் தெரியலயே" என்பாய்.

வழிக்கு வழி அன்னிய ராணுவம் சாவடி போட்டிருந்த உன் ஊரைப் பற்றி நீ சொன்ன சங்கதிகளில் வீரம், சண்டை எதுவும் இருக்காது. எல்லாம் காத்திருப்புதான். உன் அக்கா பள்ளிக்கூட டீச்சர். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் பத்து நிமிட தூரம். எட்டு மணி வகுப்புக்கு அவள் ஐந்துக்கே கிளம்புவாள். ராணுவச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு வேன். இறங்கி வரிசையில் நின்று, அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, நடந்து தாண்டினால் அந்தப் பக்கம் வேறொரு வேன். மழைக்காலத்தில் சேற்றுக்கு ஒரு செருப்பு, வகுப்புக்கு ஒரு செருப்பு. பிள்ளைகளும் அதே வரிசையில் நின்று ஒவ்வொருவராக வந்து சேர்வதால், முதல் பாடத்தை ஒரே காலையில் மூன்று தடவை ஆரம்பிப்பாளாம். ஒருநாள் பெண்களை மட்டும் விடுவார்கள். ஒருநாள் வயதானவர்களை மட்டும். ஒருநாள் நாற்பது பேரை விட்டுவிட்டு, நாற்பத்தோராவது ஆளின் முன்னால் மூடிவிடுவார்கள். வரிசையை நம்பியே எள் ரொட்டி விற்கிறவன், டீ விற்கிறவன். எதிரே வருகிறவனைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி "தொறந்திருக்கா?" என்பதுதான். சலாம்கூட அதற்குப் பிறகுதான் என்றாய்.

நானும் விடவில்லை. சென்னையில் விசாவுக்காக விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்ற பெருமையை உன்னிடம் எடுத்துவிட்டேன். நீ மரியாதையாகக் கேட்டுக்கொண்டாய். பிறகு, "நீ நின்னது வேற நாட்டுக்குப் போக. எங்கக்கா நிக்கறது ஒண்ணாம் வகுப்புக்குப் போக" என்றாய்.

இரண்டாயிரத்தின் கடைசியில் அங்கே நிலைமை முறுகியது. உன் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி சாவடிக்கு அந்தப் பக்கம். நமக்குக் காலை என்றால் அங்கே பிற்பகல். நீ போன் கார்டை வைத்து அக்காவுடன் பேசிவிட்டுத்தான் கீழே வருவாய். வண்டியில் ஏறியதும் நான் உன் முகத்தைப் பார்ப்பேன். "கடந்தாச்சு" என்றால் அன்றைக்குப் பேச்சு, சிரிப்பு எல்லாம் உண்டு. "திருப்பி அனுப்பிட்டாங்க" என்றால் கிடையாது. சில நாள் ஆம்புலன்ஸ் வழியை அடைத்துக் கொட்டிய மண்மேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். அக்காவும் இன்னொருவருமாகச் சேர்ந்து அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு தாண்டுவார்கள். என் வீட்டில் எழுந்ததும் சுமதி கேட்கிற முதல் கேள்வி, "அப்பா கடந்துட்டாராமா?" என்று ஆகிவிட்டது.

2001 வசந்தத்தில் தொடர்ந்து மூன்று முறை அவரைத் திருப்பி அனுப்பினார்கள். டாக்டர் உன் அக்காவிடம் பிள்ளையை வரச் சொல்லிவிடுங்கள் என்றார். நீ வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டாய். பகல் ஒரு மணிக்கு நியூயார்க், அங்கிருந்து அம்மான், பிறகு எல்லைப் பாலம் தாண்டி ஊர். டாக்ஸி சொல்லிவிட்டேன் என்றாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ஒருத்தன் இருக்கும்போது ஏர்போர்ட்டுக்கு டாக்ஸியா? நம் ஆட்களுக்கு அது பெரிய அவமானம். ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும்தானே இந்த ஊரில் எங்களுக்கு மிஞ்சிய சொந்தபந்தம். டாக்ஸியை ரத்து செய்ய வைத்தேன். ஒன்பதரைக்கு வருகிறேன் என்றேன்.

இனி வருவதைத்தான் நான் எழுத வேண்டும். கை ஓடவில்லை. மறுபடியும் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

அன்று காலை ஆபீஸில் ஒரு ப்ரோக்ராம் படுத்துவிட்டது. அதை எழுப்பிவிட்டுக் கிளம்ப மணி பத்தாகிவிட்டது. ஃப்ரீவேயில் தடை எதுவும் இல்லை. நம் அபார்ட்மென்டுக்கு அரை மைல் இருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து முப்பத்தைந்து. வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்காக இருந்தால் போயிருப்பேன். சாகக் கிடக்கிற அப்பாவைப் பார்க்கப் போகிற பயணம். இதைப் போய்க் கெட்ட நேரத்தில் தொடங்கி வைக்க எனக்கு மனசு வரவில்லை. பன்னிரண்டு அடித்ததும் கிளம்பினால் பன்னிரண்டே காலுக்கு ஏர்போர்ட், விமானம் ஒன்றுக்கு. தாராளமாகப் போதும் என்று கணக்குப் போட்டேன். விமானத்தைக் கடைசி நிமிடத்தில் ஓடிப் பிடித்தே பழகியவன் நான். முனையில் இருந்த பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரம் கட்டினேன். அங்கே ஒரு காசு போன் இருந்தது.

"எங்கப்பா இருக்க?" என்றாய் முதல் ரிங்கிலேயே.

"வந்துட்டே இருக்கேன். டிராஃபிக். ஒரு இருபது நிமிஷம்."

பதினொன்றேகாலுக்கு மறுபடி கூப்பிட்டேன். ஆக்சிடென்ட், அதனால் எக்ஸிட் எடுத்து வெளியே வந்து பேசுகிறேன் என்றேன். இப்போது உன் குரல் மாறியிருந்தது.

"வழி தொறந்திருக்கா? இல்லன்னா சொல்லு, நான் டாக்ஸி கூப்பிட்டுக்கறேன்."

"தொறந்திருக்கு, தொறந்திருக்கு. டாக்ஸியெல்லாம் வேண்டாம். இதோ கிளம்பியாச்சு."

போனை வைத்துவிட்டு அரை மைல் தூரத்தில் நம் அபார்ட்மென்டின் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீயும் போனை வைத்ததும் பெட்டியோடு இறங்கி வந்து படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆறேமுக்காலிலிருந்தே தயாராக இருந்திருப்பாய். பன்னிரண்டு அடித்ததும் பறந்து வந்தேன். பெட்டியைத் தூக்கிப் போட்டேன். வழியெல்லாம் டிராஃபிக்கைத் திட்டினேன். நீ உறையை மடியில் வைத்துக்கொண்டு வண்டிக் கடிகாரத்தைப் பார்த்தாய்.

கவுன்டர் மூடியிருந்தது. வெளிநாடு போகிறவர்கள் பெட்டி போட ஒரு மணி நேரம் முன்பே வந்திருக்க வேண்டுமாம். நான் அந்தப் பெண்ணிடம் கெஞ்சினேன், கத்தினேன். நீ என் தோளைத் தொட்டு, "விடு" என்றாய். மூடிய இடத்தில் நின்று கத்துவது உனக்குப் பழக்கம் இல்லை. அடுத்த இடம் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அங்கே பொழுது சாயும்வரை வழி திறந்திருந்தது. அன்று இரவுதான் உன் ஊர் வழியை மூடினார்கள். வெள்ளிக்கிழமை கிளம்பியிருந்தால் ஞாயிறு மதியம் அப்பாவின் பக்கத்தில் இருந்திருப்பாய். நீ போய்ச் சேர்ந்தது செவ்வாய். கடைசிச் சாவடியில் நான்கு நாள் நின்றாய். அங்கிருந்து பார்த்தால் உங்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி தெரியுமாம். வியாழக்கிழமை அப்பா போய்விட்டார். குன்றின் சரிவில் ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போவதை இந்தப் பக்கம் நின்றே பார்த்தாய். சனிக்கிழமைதான் உன்னை உள்ளே விட்டார்கள்.

இதையெல்லாம் நீ திரும்பி வந்த பிறகு, டோல்வேயில் போய்க்கொண்டிருக்கும்போது, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாய். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி. நான் டிராஃபிக்கைப் பற்றி மறுபடியும் ஏதோ ஆரம்பித்தேன். பாவி, அப்போதும் அதையேதான் சொன்னேன். நீ தலையை ஆட்டிக்கொண்டாய்.

அதன் பிறகும் ஏழு மாதம் சேர்ந்தே ஆபீஸ் போனோம். காலையில் நீ வண்டியில் ஏறியதும் கேட்க என்னிடம் கேள்வி இல்லை. சுமதியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நேரம் பார்த்தது தப்பில்லைங்க. அதை அவர்கிட்டச் சொல்லியிருக்கணும்ல?" என்றாள். அன்றோடு அந்தக் காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டாள். நான் ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடலாம் என்று எழுந்து, ராத்திரி சொல்லாமலே படுத்தேன்.

வருடக் கடைசியில் உனக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்தது. சாமான் ஏற்ற வாடகை டிரக் எடுத்திருந்தாய். நான் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். காலையில் போன் செய்தாய்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. முடிஞ்சா பத்தரைக்குள்ள வந்துரு. இல்லன்னா பன்னெண்டுக்கு மேல வா, நான் காத்திருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னாய்.

ஓடி வந்தேன், மணி பத்துகூட ஆகவில்லை. காலியான ஹாலில் ஒரு அட்டைப்பெட்டி மேல் நீ உட்கார்ந்திருந்தாய். "உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"அன்னைக்கு வண்டியில ஏறும்போதே. மணியைப் பார்த்தேன். கிழமை தெரியும். உங்க வீட்டுக் காலண்டர்ல படிச்சதுதானே."

நான் அழுதுவிட்டேன். காரணம் சொல்ல ஆரம்பித்தேன். உன் நல்லதுக்குத்தான், உன் அப்பாவுக்காகத்தான் என்று. நீ கையை உயர்த்தி நிறுத்தினாய்.

"நிறுத்தி வெச்சவன்கிட்ட எதுக்கு நிறுத்தினன்னு நாங்க கேக்கறதில்லப்பா. அவனுக்கு ஒரு காரணம் இருக்கும், உனக்கு ஒண்ணு இருந்துச்சு. தொறந்திருக்கான்னு மட்டும்தான் கேப்போம். உன்கிட்டயும் அதைத்தான் கேட்டேன்." அட்டைப்பெட்டியை விட்டு எழுந்தாய். "மூடியிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற வழியில போயிருப்பேன். அதுல நாங்க கெட்டிக்காரங்க."

பிறகு அட்டைப்பெட்டியின் ஒரு முனையை நீ பிடித்தாய், மறுமுனையை நான் பிடித்தேன். மதியத்துக்குள் டிரக்கை நிரப்பிவிட்டோம். மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நாம் பார்த்துக்கொண்டோம், உன் கல்யாணத்தில் சாப்பிட்டேன், என் மகளை உன் மடியில் வைத்துக் கொஞ்சினாய். இருந்தாலும் அந்தக் கேள்வி எனக்குள் உட்காரவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

உன் மனைவி போன் செய்த அன்றும் வெள்ளிக்கிழமைதான். மாலைத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றாள். பத்தே முக்காலுக்குச் சாவியை எடுத்தேன். வழியில் அவள் மறுபடி கூப்பிட்டாள். "எங்க வந்துட்டு இருக்கீங்க? வழி தொறந்திருக்கா?" உன் வீட்டில் எல்லாருக்கும் அந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"இல்லம்மா. ரோட்டு வேலை நடக்குது. பாதி வழிகூடத் தாண்டல. எத்தனை நேரம் ஆகும்னு தெரியல. எனக்காக நிறுத்தி வெக்க வேண்டாம்" என்றேன். அவள் பக்கத்து ஊர் வழியாக ஒரு சின்ன ரோடு சொன்னாள். அதில் திரும்பினேன். ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டுக்கு, அடக்கத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே வந்து சேர்ந்தேன். மூன்று பிடி மண் போட்டேன். உன்னை நிறுத்தி வைத்த கைகளில் இதுவும் ஒன்று என்று நினைத்தபடியே போட்டேன்.

இப்போது போன் அடிக்கிறது. சுமதி. இறங்கிவிட்டாள்.

"எங்கீங்க இருக்கீங்க? கிளம்பியாச்சா?"

"இங்க வந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு."

"சும்மா சொல்லாதீங்க."

"நெஜமாத்தான். அங்க தொறந்திருக்கா?"

"ஒரே ஒரு கவுன்டர்தான் தொறந்திருக்குது. பெரிய லைனு. எப்ப வெளிய வருவேன்னு தெரியலீங்க."

"சரி. தெரியும்போது சொல்லு. நான் இங்கேதான் இருக்கேன்" என்றேன்.

இங்கேதான் இருக்கிறேன். கண்ணாடி நான்கும் இறங்கியே இருக்கின்றன.